சத்தமில்லாத வண்டியும் சாய்ந்த கோனும்

கே: சார், மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் நெக்ஸான் இ.வி. மின்சார காரில் போய்வருகிறேன். ஆட்டோகிராஸில் (தற்காலிகப் பாதையில் கடிகாரத்தோடு போட்டி) ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க ஆசை. 'இ.எம்.ஐ. முடியாத வண்டியில் ரேஸா?' என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வண்டி தாங்குமா?
- வாசகி, மேடவாக்கம்

ப: தாங்கும். ஆனால் எந்தத் தரை என்று கேட்டுக்கொண்டு போங்கள். நம்மூரில் ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண் தரையில்தான். உங்கள் வண்டியின் பாட்டரி அடிவயிற்றில் இருக்கிறது. அங்கே ஒரு கல் பலமாக அடித்தால் வீட்டார் சிரிப்பது நியாயமாகிவிடும். தார்த் தரையில் பாதை காட்டும் பிளாஸ்டிக் கூம்பு (கோன்) வைத்து, ஒரு சமயத்தில் ஒரே வண்டி, கடிகாரத்தோடு மட்டும் போட்டி என்றால் தாராளமாக இறங்கலாம்.

என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான், 2020 மாடல். போன வருஷம் கோன்களுக்கு நடுவே அதை விட்டேன். சோழவரத்தில் ரேஸ் நடந்த நாளில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவன், பழைய பிரீமியர் பத்மினி காரில் ஓட்டப் பழகியவன் என்ற திமிர் வேறு. முதல் திருப்பத்திலேயே கோன் சாய்ந்தது. இரண்டாவது ஓட்டத்திலும் அதே கோன். ஸ்டாப்வாட்சோடு நின்ற என் மகள், "அப்பா, அந்தக் கோன் மேல என்ன கோபம்?" என்றாள்.

கோபமில்லை, காது ஏமாற்றிவிட்டது. பத்மினியில் இரண்டாம் கியர் கதறும்போதே கால் தானாக பிரேக்குக்குப் போகும். இதில் கதறல் கிடையாது. 245 நியூட்டன் மீட்டர் இழுவை நின்ற இடத்திலிருந்தே வந்துவிடுகிறது. வேகம் ஏறியதே தெரிவதில்லை. சுமார் 1,400 கிலோ எடை அப்படியே நேராகப் போகப் பார்க்கும். அதனால் எந்த இடத்தில் பிரேக் என்பதைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள்: எண்ணெய்க் கறை, தரையில் ஒரு விரிசல், எதுவானாலும் சரி. ஓட்டத்துக்கு முன் பாதையை இரண்டு தடவை நடந்து பாருங்கள்.

காலை எடுத்தாலே வண்டி தானாகப் பிடித்து, அந்தச் சக்தியைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறதே, அந்த ரீஜென் திருப்பத்தின் நடுவில் காலை வாரும். முன் சக்கரம்தான் திரும்ப வேண்டும், அதே சக்கரம்தான் பிடிக்கவும் வேண்டும்; இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் முரண்டு பிடிக்கும். நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரில் அவசரம் வேண்டாம். விளிம்புவரை காபி ஊற்றிய டம்ளரை மாடிக்கு எடுத்துப் போகும் நிதானம் போதும். மிதித்தால் உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுற்றும், எலெக்ட்ரானிக்ஸ் இழுவையை வெட்டும், நேரம் போகும்.

முழுச் சார்ஜோடு வராதீர்கள். நிறைந்த பாட்டரி ரீஜென்னை ஏற்காது, ஒவ்வொரு ஓட்டத்திலும் பிரேக் வேறு மாதிரி இருக்கும். 80 சதவீதம் போதும். சித்திரை வெயிலில் பாட்டரி சூடேறினால் வண்டியே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், காலை முதல் வரிசையில் பெயர் கொடுங்கள். டயர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை, இரண்டு பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். வீடு திரும்புமுன் குறைக்க மறக்காதீர்கள் (நான் மறந்தேன், வேளச்சேரி பள்ளங்கள் ஞாபகப்படுத்தின).

கே: பயிற்சிக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு ஈ.சி.ஆர். போதாதா?
- வாசகர், ஆதம்பாக்கம்

ப: போதாது, கூடவும் கூடாது. பொதுச் சாலையில் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் குற்றம். அந்த நேரத்தில் மீன் கூடையோடு சாலையைக் கடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. அதை நடத்துவது 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். அங்கே எப்போது, எந்த வண்டிக்கு அனுமதி என்று கேளுங்கள். டிராக்கில் அடிபட்டாலும் சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் பைசா தராது. பாலிசியில் 'பந்தயம், வேகச் சோதனை நீங்கலாக' என்று ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.