ஸ்கேனில் காணாமல் போன ஸ்டென்ட்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. போன வருடம் பித்தக்குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தது. எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுத்து, பித்தம் அடைபடாமல் இறங்க பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். அடுத்த மாதமே பித்தப்பையையும் எடுத்தாயிற்று. அம்மா நன்றாக இருந்ததால் ஸ்டென்டை எடுக்கப் போகவில்லை, எட்டு மாதமாகிவிட்டது. போன வாரம் வயிற்று ஸ்கேனில் ‘ஸ்டென்ட் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். மலத்தோடு போயிருக்கும், விட்டுவிடு என்கிறார் சித்தி. அம்மாவுக்குத் தொப்புள் பக்கம் அவ்வப்போது வலிக்கிறது. அங்கே பல வருடமாக ஹெர்னியா (குடலிறக்கம்) உண்டு. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, சாத்தூர்

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே போனில் இதைச் சொன்னேன். சித்திக்கும் காரணம் புரிய வேண்டும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சித்தி சொல்வதில் பாதி உண்மை. பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அது இடம் நகர்கிறது. கீழே நழுவிக் குடலில் விழுந்தால் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். ஆனால் ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் வெளியேறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. குடலில் காற்று இருந்தால் அல்ட்ராசவுண்டில் பித்தக்குழாயின் அடிப்பகுதியே சரியாகத் தெரியாது. ஸ்டென்ட் இருந்த இடத்திலேயே இருக்கலாம், மேலே கல்லீரல் பக்கம் ஏறியிருக்கலாம், குடலில் எங்காவது சிக்கியும் இருக்கலாம். இந்தக் குழாய்கள் எக்ஸ்ரேயில் தெரியும்படி செய்யப்பட்டவை. எனவே முதலில் வயிறு முழுவதும் தெரியும்படி ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த ஹெர்னியாதான். ஜூஸ் டப்பா ஸ்ட்ரா அளவு தடிமன், விரல் நீளம், வளைந்து கொடுத்தாலும் விறைப்பான குழாய் அது. வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்ள இரண்டு முனையிலும் சிறு செதில்கள் இருக்கும். ஹெர்னியாவுக்குள் மடங்கிக் கிடக்கும் குடலிலோ, பழைய ஆபரேஷன் தழும்பில் ஒட்டிக்கொண்ட குடலிலோ அது வந்தால் திரும்ப இடமின்றி நின்றுவிடும். அப்புறம் முனை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்து, குடலில் ஓட்டை விழலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் அம்மாவின் வலி ஹெர்னியா இருக்கும் இடத்திலேயே இருப்பதால், எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் குழாய் தெரிந்தால் உடனே சி.டி. ஸ்கேன் எடுத்து, அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பேதி மருந்து கொடுத்துத் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹெர்னியா வீக்கத்தை அழுத்தி உள்ளே தள்ளவும் வேண்டாம். அது கெட்டியாகி வலித்தாலோ, வாந்தி வந்து காற்றுப் பிரியாமல் நின்றாலோ, குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காமாலை திரும்பினால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாள் கடத்த வேண்டாம். பித்தக்குழாய் அடைப்பால் வரும் காமாலையில் அடைப்பைத்தான் நீக்க வேண்டும்.

ஒருவேளை ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். இருதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் போல இதுவும் ஆயுளுக்கும் இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்டைப் பொதுவாக மூன்று மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். இரண்டு வருடம் மறந்துபோன ஒரு பெரியவர் காய்ச்சலோடு வந்தார். வெளியே எடுத்த குழாயை வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தோம். உள்ளே கறுப்பு மசி இறுகிப்போய், ஈர்க்குச்சி நுழையக்கூட இடமில்லை. வெளிப்பக்கம் குழாயைச் சுற்றியே புதுக்கல் வளர்ந்திருந்தது. காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம்வரை அவரும் நன்றாகத்தான் இருந்தார்.

இடத்திலேயே இருந்தால் எண்டோஸ்கோப்பியில் சுருக்குப் போட்டு எளிதாக இழுத்துவிடலாம். மேலே ஏறியிருந்தால் பலூன், கூடை போன்ற கருவிகளோடு இ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தக்குழாய்க்குள் செய்யும் சிகிச்சை) செய்ய வேண்டிவரும், அதில் பழகிய கை வேண்டும். வெளியேறிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டினால் நிம்மதிதான். ஆனாலும் ஸ்டென்ட் வைத்த மருத்துவரைப் பார்த்து, கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பித்தக்குழாயில் கல் மிச்சம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை ஸ்டென்ட், என்ன நீளம் என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு வைத்திருந்தால், எக்ஸ்ரேயில் இரண்டையும் தேட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை ஏதும் சாப்பிட்டால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.