சாவியைத் திருப்பியதும் படகில் மின்சாரம் மறைவது ஏன்?

கேள்வி: அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய சிறு படகு வைத்திருக்கிறேன். சாவியைப் போட்டதும் மீட்டர்கள் எரிகின்றன. ஸ்டார்ட் செய்யத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒரே சத்தத்தோடு அனைத்தும் அணைந்துவிடுகின்றன. சில நிமிடங்களில் தாமாகவே மீண்டும் வருகின்றன. பேட்டரி புதியது, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. கோளாறு எங்கே?

பதில்: போன மின்சாரம் தானாகத் திரும்பி வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். எரிந்துபோன ஃபியூஸ் மீண்டும் உயிர் பெறாது. எனவே தளர்ந்த அல்லது களிம்பேறிய ஓர் இணைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

12.6 வோல்ட் என்பது பேட்டரி சும்மா இருக்கும்போது எடுத்த அளவு. அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். மீட்டர்களுக்கான 1 ஆம்பியர் அதன் வழியே சென்றால் இழப்பு வெறும் 0.1 வோல்ட் என்பதால் யாருக்கும் தெரியாது. ஸ்டார்ட்டருக்கான 100 ஆம்பியர் செல்ல முயன்றாலோ அந்தத் தடை ஒன்றே 10 வோல்ட்டை விழுங்கிவிடும்.

ஆகவே சுமையின்போது அளக்க வேண்டும். அதற்கு முன், பெட்ரோல் ஆவி தேங்காதபடி மூடிகளைத் திறந்து காற்றோட்டம் தாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் ஓடிவிடாமலிருக்கப் பாதுகாப்புக் கயிற்றை (உருவினால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) உருவிவிடுங்கள். (கயிறு இல்லாதபோது ஸ்டார்ட்டரே சுற்றாத எஞ்சின்களும் உண்டு, உங்கள் கையேட்டைப் பாருங்கள்.) மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈய முனையிலும் மற்றொன்றை அதில் மாட்டியுள்ள கேபிளின் வளையத்திலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் ஏறத்தாழ பூஜ்யம் காட்டும். சில வோல்ட் காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான். பிறகு இதே முறையில் பேட்டரி சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே (சாவியின் சிறு மின்னோட்டத்தால் ஸ்டார்ட்டருக்கான பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்), எஞ்சின் உடலில் நெகட்டிவ் கேபிள் முறுக்கப்பட்ட இடம் என ஒவ்வொன்றாகச் செல்லுங்கள். பலரும் பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதே அளவு மின்னோட்டம் திரும்பி வரும் நெகட்டிவ் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். இடையில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்தால், சாவி திருப்பிய நிலையிலும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. போனால் பேட்டரி புதியது என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டியதுதான்.

பேட்டரியில் கையால் முறுக்கும் இறகு நட்டுகள் இருந்தால், சோதனைக்குக் காத்திராமல் அவற்றை மாற்றி, ஸ்பேனரால் இறுக்கும் நட்டுகளைப் போடுங்கள். படகின் அதிர்வில் இறகு நட்டுகள் தளர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பச்சைக் களிம்பைச் சுரண்டும் முன் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். கேபிளின் உறைக்குள்ளும் செம்பு கறுத்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, கேபிளையே மாற்ற வேண்டும்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை அணைத்துப் பார்த்துச் சார்ஜிங்கைச் சோதிக்கலாமா?

பதில்: கூடாது. சுமை திடீரென அறுபடும்போது மின்னழுத்தம் எகிறி, மாறுதிசை மின்சாரத்தைப் பேட்டரிக்கேற்ற நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரின் டையோடுகளைக் கெடுத்துவிடும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள், 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது.