குழந்தைக்கு மயக்கம் கொடுக்க கேஸ் நல்லதா, ஊசி நல்லதா?

கேள்வி: என் 4 வயது மகனுக்கு அடுத்த வாரம் ஹெர்னியா ஆபரேஷன். மூச்சுக்காக தொண்டையில் எல்எம்ஏ என்று ஒன்று வைப்பார்களாம். அதற்கு முன் கேஸ் முகரவைத்து மயக்குவது நல்லதா, ஊசி போட்டு மயக்குவதா?

நான் சென்னையில் மயக்க மருத்துவர். உங்கள் பையன் ஊசி என்றாலே அலறுவான், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேஸ் என்பது பெரும்பாலும் செவோஃப்ளூரேன். மூக்கு எரியாது. மாஸ்க்கை வைத்தால் ஒரு நிமிடம் போல ஆகும், கண் சொக்கிவிடும். வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் குத்தும் சின்னக் குழாய், எல்லாம் தூங்கிய பிறகுதான். ஊசி என்பது புரோபோஃபால், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். நரம்பில் ஏறும்போது எரியும் என்பதால் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தும் சேர்த்துக் கொடுப்போம். கொஞ்ச நேரம் மூச்சு நிற்கலாம், பிரஷர் சற்று இறங்கலாம். நாங்கள் பையை அழுத்தி மூச்சு கொடுப்போம். ஆனால் தாடை சட்டென்று தளர்ந்துவிடும். எல்எம்ஏ வைக்க அதுதான் வேண்டும். செவோஃப்ளூரேனில் கண் மூடிய பிறகும் தாடை தளர இன்னும் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அந்தச் சில நிமிடத்தை நான் ஒருமுறை கொடுக்கவில்லை.

2012. படிப்பு முடித்த புதிது, நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாக வண்டியில் ஓடிக்கொண்டிருந்தேன். உங்கள் பையன் வயதுதான், 14 கிலோ, அதே ஹெர்னியா. அம்மா மடியிலேயே மாஸ்க் வைத்தேன், அழாமல் தூங்கினான். இமையைத் தொட்டுப் பார்த்தேன், அசைவில்லை. சர்ஜனுக்கு அடுத்த ஆபரேஷன் வேறு இடத்தில். "என்னம்மா, போட்டாச்சா?" என்று இரண்டாவது முறை கேட்டார். வாயைத் திறந்தபோது தாடையில் ஒரு பிடிப்பு இருந்தது. விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தும் 2-ஆம் நம்பர் எல்எம்ஏவை உள்ளே தள்ளினேன். அதே நேரம் சிஸ்டர் அவன் கையில் வென்ஃப்ளான் குத்தினார். குரல்வளை இறுகிக்கொண்டது. எல்எம்ஏவை எடுத்துவிட்டு, தாடையைத் தூக்கிப் பிடித்து, முழு ஆக்சிஜனில் மாஸ்க்கை அழுத்தினேன். பையை எவ்வளவு அழுத்தினாலும் நெஞ்சு எழவில்லை. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 98 இருந்தது 70க்கு வந்தது, உதடு நீலம். நல்லவேளை, வென்ஃப்ளான் நரம்பில் ஏறியிருந்தது. கொஞ்சம் புரோபோஃபால் கொடுத்ததும் குரல்வளை விட்டுக்கொடுத்தது. மாலையில் பால் குடித்துவிட்டு அப்பா தோளில் வீட்டுக்குப் போனான். நடந்ததை மறைக்காமல் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

உடனே செவோஃப்ளூரேன் மேல் பழி போடுகிறேன் என்று சக மருத்துவர்கள் கிளம்ப வேண்டாம். இன்றும் பயந்த குழந்தைக்கு நான் அதைத்தான் எடுக்கிறேன். தப்பு மருந்தில் இல்லை, என் அவசரத்தில். இப்போது தாடை தளராமல் எதையும் வாய்க்குள் விடமாட்டேன், வெளியே யார் காத்திருந்தாலும் சரி.

ஆனால் சளி இருக்கும் குழந்தை என்றால் கணக்கு மாறும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சளி, வீசிங் மாதிரி ஆபத்து உள்ள 300 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வந்தது. மூச்சுத் தொல்லை கேஸில் மயக்கியவர்களில் 43 சதவீதம், ஊசியில் 26 சதவீதம். சளிப் பிள்ளைக்கு நான் வென்ஃப்ளான் போட்டு ஊசியில்தான் மயக்குவேன். ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் கிரீம் தடவிவிட்டால் குத்துவது அவ்வளவாகத் தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் காய்ச்சல் கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தால் செவோஃப்ளூரேன் பக்கமே போகக் கூடாது, கட்டாயம் சொல்லுங்கள். கேஸில் மயங்கிய பிள்ளைகள் சிலர் விழிக்கும்போது அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்துவார்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் அன்று பில்லில் எங்கள் கட்டணத்தை மட்டும் காட்டி, "தூங்க வைக்கத்தானே, இதைக் குறைக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். தூங்க வைப்பது ஒரு நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் பிள்ளையின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கேட்கும்போது வலிக்கிறது.

சரி, உங்கள் பையனுக்குச் சளி இருக்கிறதா என்று கேள்வியில் எழுதவில்லை. கடந்த இரண்டு வாரத்தில் இருமல், மூக்கொழுகல் எது இருந்திருந்தாலும், நல்ல நாள் பார்த்தாயிற்றே என்று மறைக்காமல், இன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லுங்கள்.