சின்னவன் குழப்புறான், மகளுக்குப் பின்னம் ஏறுதில்லை: கல்லடித் தங்கச்சிக்கு

தங்கச்சி, ரெண்டு வயசுச் சின்னவன் கொப்பியை இழுக்கிறான், ஒன்பது வயசு மகள் 1/3 ஐ விட 1/4 பெரிசு என்கிறாள் என்று எழுதியிருந்தீங்க. பின்னத்தைச் சின்னவன் நித்திரை கொள்ளுற நேரத்துக்கு மாத்துங்க, இருபது நிமிஷம் போதும். அவன் முழிச்சிருக்கேக்க வாய்ப்பாடு, வாசிப்பு.

மகள் 3 ஐயும் 4 ஐயும்தான் ஒப்பிடுறாள், துண்டை இல்லை. அதால விதி சொல்லித் திருத்தாதீங்க. பழைய கலண்டர் மட்டையில 12 சென்ரிமீற்றர் நீளத்தில மூன்று பட்டி வெட்டுங்க (மெல்லிய கடதாசி வேணாம், இந்த வெக்கைக்கு ஃபேன் போட்டாப் பறந்திடும்). ஒன்றை 6 ஆவது சென்ரிமீற்றரில (1/2 துண்டு), ஒன்றை 4, 8 இல (1/3 துண்டு), மற்றதை 3, 6, 9 இல (1/4 துண்டு) கோடு போட்டு அவளே வெட்டட்டும். துண்டுகளை ஒன்றுக்குக் கீழ ஒன்றா இடது ஓரம் சேர்த்து வைக்கச் சொல்லுங்க. ஓரம் விலகினாப் பிழையாத் தெரியும். எது பெரிசு என்று அவள் வாயாலேயே சொன்ன பிறகுதான் கொப்பியில எழுத விடுங்க.