மோட்ரிச்சும் கோல் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குரோஷியக் கால்பந்து வீரர் லூகா மோட்ரிச்சை இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்று தங்கள் தளத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2018 உலகக் கோப்பையில் அவர் அடித்தவை 2 கோல்கள். அவற்றிலும் ஒன்று பெனால்டி. அதே பருவத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ, ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் மட்டும் 15 கோல் அடித்திருந்தார். ஆனாலும் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படும் பாலன் டி'ஓர் விருது அந்த ஆண்டு மோட்ரிச்சுக்குப் போனது. போரில் வீடிழந்த சிறுவனின் கதையைத் தொலைக்காட்சிகள் ஓயாமல் சொன்னதால் கிடைத்த அனுதாப விருது அது என்பது என் எண்ணம். நீதிமன்றத்தில் "நினைவில்லை" என்று சாட்சி சொன்னதற்காக அவருடைய சொந்த நாட்டு மக்களே அவர்மீது கொதித்தார்கள் என்பதை நீங்கள் குறிப்பிடவேயில்லை. ரசிகர் என்பதால் விட்டுவிட்டீர்களா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

அனுதாபக் கதையைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. அந்தக் கதை உண்மையானது. குரோஷியாவின் ஸாடர் நகருக்கு அப்பால், வெலெபிட் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூரில் மோட்ரிச் வளர்ந்தார். 1991 டிசம்பரில், குரோஷிய விடுதலைப் போரின்போது, எந்தத் தாத்தாவின் பெயரை இவருக்கு வைத்திருந்தார்களோ அந்தத் தாத்தாவைச் செர்பியக் கிளர்ச்சிப் படையினர் சுட்டுக் கொன்றார்கள்; குடும்பம் ஊரைவிட்டு ஓடி ஸாடரில் அகதிகளுக்கான விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியது. அப்போது இவருக்கு வயது 6. ஆனால் இதே துயரம் அந்த விடுதிகளின் நடைக்கூடங்களில் ஓடியாடிய எத்தனையோ பிள்ளைகளுக்கும் இருந்தது. அது யாரையும் ஆட்டக்காரர் ஆக்கிவிடவில்லை. எனவே அந்தக் கதையை முழுவதுமாக ஒதுக்கி வைத்துவிட்டே அவருடைய ஆட்டத்தை எடைபோடலாம். விருதுக்கான தகுதியில் அதனால் எதுவும் குறையாது என்றே நான் கருதுகிறேன்.

அவரை உருவாக்கியதாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவருடைய உடம்பைச் சொல்லலாம். மிகவும் நோஞ்சானாக இருக்கிறான் என்று ஹைடுக் ஸ்பிலிட் கழகம் சிறுவயதில் அவரைத் திருப்பி அனுப்பியது. பின்னர் டினாமோ ஸாக்ரெப் சேர்த்துக்கொண்டு, 18 வயதில் பொஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் அணிக்குக் கடனாக அனுப்பியது. முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன லீக் அது. அங்கே ஆடத் தெரிந்தவன் எங்கேயும் ஆடலாம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தோளோடு தோள் மோதினால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்த ஒருவனுக்கு, பந்து காலுக்கு வந்த பிறகு யோசிக்க நேரமில்லை. அது வருவதற்கு முன்பே இருபுறமும் திரும்பிப் பார்த்து, எதிராளி எந்தப் பக்கமிருந்து வருகிறான், தன் அணியினர் எங்கே ஓடப்போகிறார்கள் என்பதையெல்லாம் கணித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் அவருடைய தலையை மட்டும் பாருங்கள். பந்தியில் இலை காலியாவதற்குமுன் கரண்டியோடு வந்து நிற்கிறவரை யாரும் கவனிப்பதில்லை. அந்த இடத்தில் ஆள் இல்லாதபோதுதான் பந்தியில் குரல் எழும்.

2012-இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகத்துக்கு வந்தபோது அவருக்கு நேர்ந்ததும் இதுதான். நீங்கள் கேட்கும் இதே கேள்வியைத்தான் அன்று மாட்ரிட் ரசிகர்களும் கேட்டார்கள். அவ்வாண்டின் முடிவில் ஒரு ஸ்பானிய விளையாட்டு நாளேடு நடத்திய வாக்கெடுப்பில், அந்தப் பருவத்தின் மிக மோசமான வரவு என்று அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அதே மோட்ரிச் 13 பருவங்களுக்குப் பிறகு, 2025-இல், 6 சாம்பியன்ஸ் லீக் உட்பட 28 கோப்பைகளோடு அங்கிருந்து விடைபெற்றார். அந்தக் கழகத்தின் வரலாற்றில் அத்தனை கோப்பை வென்றவர் வேறு எவரும் இல்லை. ஏறத்தாழ 600 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 43. அதே கழகத்துக்காக ரொனால்டோ 438 ஆட்டங்களில் 450 கோல் அடித்தார். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது, விக்கெட் காப்பாளரிடம் எத்தனை விக்கெட் வீழ்த்தினாய் என்று கேட்பதற்குச் சமம்.

ஒரே ஒரு பாஸைச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 12, சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் 3-1 என்று வென்றிருந்த ரியல் மாட்ரிட், சொந்த மைதானத்தில் இங்கிலாந்தின் செல்சீயிடம் 0-3 என்று பின்தங்கி, இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் வெளியேறும் நிலையில் இருந்தது. 80-ஆவது நிமிடம். பெனால்டி பெட்டிக்கு வெளியே, சற்று இடப்பக்கமாக, மோட்ரிச்சிடம் பந்து வருகிறது. அங்கிருந்து வலது காலின் உட்புறத்தால் தூக்கியிருந்தால் பந்து உள்நோக்கி வளைந்து கோல் காப்பாளரின் கைக்கோ தடுப்பாட்டக்காரரின் தலைக்கோ போயிருக்கும். அவர் அதே காலின் வெளிப்புறத்தால் தட்டுகிறார். பந்து தடுப்பு வரிசையின் தலைக்கு மேலே எழும்பி, காப்பாளரை விட்டு விலகி வெளிப்பக்கமாக வளைந்து, களமிறங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்த ரோட்ரிகோ ஓடிவரும் இடத்தில் இறங்குகிறது. அவர் அதைத் தரையில் படவிடாமல் உள்ளே அடிக்கிறார். கோல் கணக்கில் ரோட்ரிகோவின் பெயர். கூடுதல் நேரத்தில் பென்சிமா இன்னொன்று அடித்ததால் மாட்ரிட் அடுத்த சுற்றுக்குப் போயிற்று, அவ்வாண்டுக் கோப்பையையும் வென்றது. மோட்ரிச்சுக்கு அப்போது வயது 36.

2018 உலகக் கோப்பைக்கு வருவோம். டென்மார்க்குக்கு எதிரான ஆட்டம் 1-1 என்று சமநிலையில் இருக்க, கூடுதல் நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது மோட்ரிச் தடுப்பு வரிசையைப் பிளந்து ஒரு பந்தை அனுப்பினார். அதைத் துரத்திச் சென்ற ரெபிச் காப்பாளரைத் தாண்டியபின் வீழ்த்தப்பட்டார்; பெனால்டி. அதை அடிக்க வந்த மோட்ரிச் தவறவிட்டார். டென்மார்க் காப்பாளர் காஸ்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிட்டார். சில நிமிடங்களில் பெனால்டி ஷூட் அவுட். அதே காப்பாளரின் முன் மறுபடியும் போய் நின்று இம்முறை உள்ளே போட்டார். அடுத்து ரஷ்யா, அதற்கடுத்து இங்கிலாந்து. தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் கூடுதல் நேரம் வரை இழுத்தன. சுமார் 40 லட்சம் மக்கள் கொண்ட நாடு இறுதி ஆட்டத்துக்கு வந்து பிரான்ஸிடம் 2-4 என்று தோற்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் தலைவரான மோட்ரிச்சுக்குத் தரப்பட்டது. இத்தனையும் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற கையோடு நடந்தவை. பாலன் டி'ஓர் வாக்கெடுப்பில் மோட்ரிச்சுக்கு 753 புள்ளிகள், ரொனால்டோவுக்கு 476. அனுதாபத்தால் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளி விழும் என்று நான் நம்பவில்லை.

வழக்கைப் பற்றி நான் எழுதாதது, அந்தக் கட்டுரை அவருடைய ஆட்டத்தைப் பற்றியது என்பதால். நீங்கள் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். டினாமோ ஸாக்ரெப்பின் அதிகாரம் மிக்க நிர்வாகி ஸ்ட்ராவ்கோ மாமிச், ஆட்டக்காரர்களை விற்ற பணத்தில் முறைகேடு செய்தார் என்பது வழக்கு; மோட்ரிச் 2008-இல் இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் கழகத்துக்கு விற்கப்பட்ட பணமும் அதில் அடங்கும். 2017 ஜூனில் சாட்சிக் கூண்டில் ஏறிய மோட்ரிச், விசாரணையின்போது முன்பு சொன்னதிலிருந்து விலகி, பல கேள்விகளுக்கு நினைவில்லை என்று பதில் சொன்னார். அவர் அகதியாக இருந்த விடுதியின் சுவரிலேயே, "லூகா, இது உனக்கு ஒருநாள் நினைவுக்கு வரும்" என்று எழுதி வைத்தார்கள். பொய்ச்சாட்சி சொன்னதாக அவர்மீது 2018 மார்ச்சில் குற்றச்சாட்டு பதிவாகி, அதே ஆண்டு இறுதிக்குள் கைவிடப்பட்டது. மாமிச் 2018 ஜூனில் தண்டனை பெற்றார்; தீர்ப்புக்குச் சற்று முன்பே பொஸ்னியாவுக்குப் போய்விட்டிருந்தார்.

சட்டப்படி மோட்ரிச் குற்றமற்றவர். என்றாலும் அந்தச் சாட்சியம் எனக்கு உவப்பாக இல்லை. பதின்ம வயதில் தன்னைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டவரின் பிடியில் இருந்த ஓர் இளைஞனின் நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் 2017-இல் அவர் அந்த இளைஞன் அல்ல, உலகின் மிகப் பெரிய கழகத்தில் நட்சத்திரம். குரோஷிய ரசிகர்களுக்குக் கோபப்பட உரிமை இருந்தது. அதற்காக அந்தப் பாஸை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அந்தப் பாஸுக்காகச் சாட்சியத்தை மறைக்கப் போவதும் இல்லை.

அன்புடன்.