டோக்கியோ அலுவலகத்தில் முதல் வாரம்: எந்தச் சொற்கள் போதும்?

வணக்கம். ஜப்பானிய இலக்கணம் தெரிந்தும், சக நிரலாளர்களிடம் பேசப் போனால் வாய் அடைத்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் 'ஒட்சுகரேசாமா தெசு' என்பதைப் பழகிக்கொள்ளுங்கள். உழைப்பின் களைப்பை மதிக்கும் சொல் அது. நடைகூடத்தில் எதிர்ப்பட்டாலும், கூட்டம் முடிந்தாலும், மாலையில் ஒருவர் கிளம்பினாலும் அதையே சொல்லலாம். ஏறக்குறைய அதே பொருள் தரும் 'கொகுரோசாமா' மேலதிகாரி கீழே இருப்பவரிடம் சொல்வது. மூத்தவரிடம் வேண்டவே வேண்டாம்.

மிகவும் கவனிக்க வேண்டியது 'தைஜோபு தெசு'. நேர்ப்பொருள் 'பரவாயில்லை'. என் நிரலைப் பார்வையிட்டவரிடம், "இந்த இடத்தைத் திருத்தட்டுமா?" என்று கேட்டேன். "தைஜோபு தெசு" என்றார். சம்மதம் என்று எண்ணி இரவெல்லாம் திருத்தினேன். அவர் சொன்னதோ, "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று! உதவட்டுமா, செய்யட்டுமா என்ற கேள்விகளுக்கு இந்தப் பதில் வந்தால் பெரும்பாலும் மறுப்புதான். ஐயம் இருந்தால், "அப்படியானால் மாற்றாமல் விடுகிறேன், சரியா?" என்று முழு வாக்கியமாகவே கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பார்வையிடக் கேட்கும்போது 'ககுனின் ஒனெகாய் ஷிமாசு', மூத்தவர் சொன்னதை ஏற்க 'ஷோச்சி ஷிமாஷ்தா'. இப்போதைக்கு இவை போதும்.

வெளியே போகும்போது சொல்லும் 'இத்தே கிமாசு' உங்கள் நாவில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அது நம் 'போய் வருகிறேன்' தான், சொல்லுக்குச் சொல்! வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் 'ஒசாகி நி ஷித்சுரே ஷிமாசு', அதாவது 'உங்களுக்கு முன்பே கிளம்புகிறேன், மன்னியுங்கள்'.