முதலில் கூலி, அப்புறம் பங்கு

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு 5 ஏக்கர் நஞ்சை. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் காலமாகிவிட்டார், நிலத்தை இன்னும் பிரிக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் சாகுபடி பார்க்கிறார்கள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். சம்பா அறுவடைக்கு லீவு போட்டு, மனைவியோடு போய் 10 நாள் வேலை செய்கிறேன். தங்கையும் புகுந்த வீட்டிலிருந்து வந்து உதவுவாள். இந்த முறை வீட்டுக்கு எடுத்தது போக 250 சிப்பம் (40 கிலோ மூட்டை) சன்னரக நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டோம். அண்ணன் கணக்கில் 2,54,500 ரூபாய் வந்தது. ஆண்டுதோறும் அண்ணி நகையை அடகு வைத்து வாங்கும் கடனின் வட்டியோடு சேர்த்து செலவு 1,20,000. மீதி 1,34,500-ல் பாதியைக் கேட்டேன். அதிலிருந்து அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கேட்டது தவறா?

பதில்: கேட்டதில் தவறில்லை, பாதி என்றதுதான் தவறு. உங்கள் அம்மா இருக்கிறாரா என்று எழுதவில்லை. இருக்கிறார் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பா சொந்தமாக வாங்கிய நிலம், உயிலும் இல்லை என்றால் அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை என நான்கு பேருக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்துவிட்டால் தங்கையின் பங்கு போய்விடாது. ஆகவே உங்களுடையது கால் பங்குதான்.

அந்தக் கால் பங்கையும் 1,34,500-ல் எடுக்க முடியாது. நீங்கள் சொல்லும் செலவில் உழவு, நடவு, உரம், அறுவடை மிஷின் வாடகை எல்லாம் வந்துவிட்டது. அண்ணன் தண்ணீர் பாய்ச்சியதும் அண்ணி களை எடுத்ததும் வரவில்லை. மத்திய அரசு ஆதரவு விலையை நிர்ணயிக்கும்போதே கைக்காசுச் செலவோடு வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டு, அந்தத் தொகையைப் போல ஒன்றரை மடங்காவது கிடைக்க வேண்டும் என்று பார்க்கிறது. டெல்லியில் போடுகிற கணக்கை வீட்டுத் திண்ணையில் போடக்கூடாதா?

நெல் மிஷினிலிருந்து இறங்கியதும் வேலை முடிவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், அரசு தளர்வு தந்தால் ஒழிய நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதற்காகக் களத்தில் காயப்போட்டு, வெயிலில் காலாலேயே கிண்டிக் கிண்டி விடுவதும், மேகம் கறுத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போடுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். அப்புறம் எடை போடும் முறை வரும்வரை நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே ராத்திரி படுத்துக் காவல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். நாட்களை நான் ஊகித்துத்தான் போடுகிறேன், சரியானதை நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு 60 நாள், அண்ணிக்கு 40, நீங்களும் மனைவியும் சேர்ந்து 20, தங்கை 5, எல்லோருக்கும் வடித்துக்கொட்டிய அம்மாவுக்கு 10. நாளுக்கு 600 ரூபாய். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குப் பாதிக் கூலி என்கிற ஊர் வழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவராதீர்கள். மொத்தக் கூலி 81,000 ஆகிறது. மீதி 53,500-ஐ நான்காகப் பிரித்தால் தலைக்கு 13,375. கூலியோடு சேர்த்து உங்கள் வீட்டுக்கு 25,375, அண்ணன் வீட்டுக்கு 73,375, அம்மாவுக்கு 19,375, தங்கைக்கு 16,375.

நீங்கள் கேட்டதோ 67,250. அண்ணன் ஏன் பேசவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். ஆனால் அவர் பக்கமும் ஒரு குறை உண்டு. பணம் அவர் கணக்குக்கு வந்ததும் ரசீதையும் செலவு நோட்டையும் எல்லோருக்கும் காட்டியிருக்க வேண்டும். குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் வீதம் 100 குவிண்டாலுக்குச் சரியாகவே வந்திருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். அவர் மாட்டுக்குப் போன வைக்கோலை மட்டும் கேட்காதீர்கள். அதற்கெல்லாம் கணக்குப் பார்த்தால் அடுத்த பொங்கலுக்கு ஊர்ப்பக்கம் போக முடியாது.

எனக்குப் பெரிதாகப் படுவது அண்ணியின் நகைதான். ஆண்டுதோறும் அவர் கழுத்து நகையில் நான்கு பேர் நிலத்துக்குச் சாகுபடிச் செலவு நடக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் கடனுக்கு அதுவே தடையாக நிற்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனுப் போடுங்கள். தாலுகா ஆபீசுக்கு அலைகிற வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு உங்கள் பெயரில் நாலு நாள் கூலி கூடும்.